ஊருக்கு ஊர் பெட்டி போன காலம்

மார்த்தாண்டத்தில் படித்துவிட்டு இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்த்த டிரைவ்-இன் தியேட்டர்களைப் பற்றி அங்கே உள்ளவர்கள் ஆசையாகப் பேசுகிறார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படி ஏதாவது இருந்ததா? இல்லை என்றால், நம்ம ஊர்களில் இருந்த பழைய கொட்டகைகள் எப்படி நடந்தன? ஏன் ஒவ்வொன்றாக மூடிப்போயின?" இதைப் பற்றி எழுதவும் நினைக்கிறாராம்.

நான் திருநெல்வேலி–கன்னியாகுமரி விநியோக ஏரியாவில் ரெப்பாக வேலை பார்த்தவன். ரெப் என்றால் படப்பெட்டியோடு தியேட்டருக்குப் போய், ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று சரிபார்த்து, டி.சி.ஆர். என்கிற அன்றாட வசூல் கணக்கில் கையெழுத்துப் போட்டு, விநியோகஸ்தரின் பங்கை வாங்கி வருகிற ஆள். எனவே படத்தைவிடப் பெட்டியைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் டிரைவ்-இன். அதைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹோலிங்ஷெட் என்கிற அமெரிக்கர். 1933 ஜூன் மாதம் நியூ ஜெர்சியில், கேம்டன் நகரத்துப் பக்கம் திறந்தார். கார்களைச் சும்மா வரிசையாக நிறுத்தினால் முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். அதற்காக ஒவ்வொரு வரிசைக்கும் மண்ணை மேடாக்கி, காரின் முன்சக்கரம் சற்று உயர்ந்து நிற்கும்படி செய்தார். ஒலிக்கு ஆரம்பத்தில் திரைப்பக்கம் பெரிய ஒலிபெருக்கி. பிறகு கார் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர், அதற்கும் பிறகு காரின் எஃப்.எம். ரேடியோ. 1950களின் கடைசியில் அந்த நாட்டில் சுமார் 4,000 டிரைவ்-இன்கள் இருந்தன. நம் நாட்டில் அகமதாபாத்தில் 1973-ல் தொடங்கியதில் 665 கார்கள் நிற்கலாம். தமிழ்நாட்டில் என்றால் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த பிரார்த்தனாவைத்தான் எல்லாரும் சொல்வார்கள்.

நான் வேலை பார்த்த காலத்தில் குமரி மாவட்டத்தில் எந்த டிரைவ்-இன்னுக்கும் பெட்டி போனதில்லை. போயிருக்கவும் முடியாது. டிரைவ்-இன்னுக்கு மூன்று விஷயம் வேண்டும்: ஏக்கர் கணக்கில் வெற்று நிலம், மழை இல்லாத ராத்திரி, கார் வைத்திருக்கும் குடும்பங்கள். நம்ம மாவட்டத்தில் நிலத்தை செண்டில்தான் பேசுவோம். 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டுச் சராசரி 555தான். வீடு, தென்னந்தோப்பு, வாழை, குளம் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடக்கும். மழையோ, மற்ற மாவட்டங்களுக்கு ஒரு பருவம் என்றால் நமக்கு இரண்டு. ஜூனில் இடவப்பாதி, அது ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் ஐப்பசியில் துலா மழை. திறந்தவெளித் திரையை வைத்துக்கொண்டு ஆண்டில் பாதி நாள் என்ன செய்வது?

ஆனால் திறந்தவெளியில் படம் பார்த்த அனுபவம் நமக்கு இல்லாமல் போகவில்லை. பங்குத் திருவிழா, அம்மன் கோயில் கொடை என்றால் மைதானத்தில் 16 எம்.எம். படம் போடுவார்கள். இரண்டு கமுகு மரத்தை நட்டு, நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கூட்டத்தின் மத்தியில் மேஜை போட்டு புரொஜெக்டரை வைப்பார்கள். 1,600 அடி ரீல் ஒன்று முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அது முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் கப்பலண்டி என்கிற வேர்க்கடலை விற்பவருக்கு நல்ல வியாபாரம். கூட்டம் கூடினால் துணிக்குப் பின்பக்கமும் உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் இருந்து பார்ப்பவர்களுக்குப் படத்தின் பெயர் இடம் வலமாகத் திரும்பித் தெரியும், கதாநாயகன் இடது கையால் வாள் வீசுவான். அந்தப் பக்கமாகவே உட்கார்ந்து பழகிப்போன பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இனி கொட்டகைகளுக்கு வருவோம். தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் படம் காட்டியதைத் தொடங்கி வைத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர், 1905-ல் டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியை வாங்கிக் கூடாரம் போட்டுக் காட்டத் தொடங்கினார். அந்தக் கூடாரத்தின் பேரப்பிள்ளைகள்தான் நம்ம டூரிங் டாக்கீஸ்கள். குமரிக்கு சினிமாவோடு வேறு உறவும் உண்டு. மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அதில் நடித்த பி.கே. ரோஸியை, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கேட்டு ஊரைவிட்டே துரத்தினார்கள். டேனியல் கைப்பொருளையெல்லாம் இழந்து, 1975-ல் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தார். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், மேடையேறுவதற்கு முன்னால் நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர். இந்த இரண்டு பேரையும் நம்ம பிள்ளைகள் பாடத்தில் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சட்டப்படி கொட்டகை மூன்று வகை. கல்லும் காரையுமாகக் கட்டிய நிரந்தரத் தியேட்டர், ஷீட் போட்ட அரைநிரந்தரம், கூரை வேய்ந்த டூரிங். 1955-ஆம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர்தான் உரிமம் தர வேண்டும். அந்த உரிமத்தை எல்லாரும் "சி ஃபாரம்" என்பார்கள். டூரிங் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். காலம் முடிந்தால் பிரித்து எடுத்துவிட வேண்டும். ஆகவே கமுகும் பனைவரிச்சும் முடைந்த ஓலையுமாகக் கட்டுவார்கள். தரையில் கடல்மணல். அதில் உயரம் வேண்டுமென்றால் மணலைக் குவித்து உட்கார வேண்டியது, பின்னால் இருப்பவர் சத்தம் போட்டால் தட்டிச் சமமாக்க வேண்டியது. நடுவில் இடுப்பளவுச் சுவர் அல்லது தட்டி, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். தரைக்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் சேர்.

1979-ல் தூத்துக்குடியில் கூரைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து எத்தனையோ பேர் மாண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஓலைக் கூரைக்கு அதிகாரிகள் கெடுபிடியைக் கூட்டினார்கள். அது சரியான கெடுபிடி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓலை போய் ஷீட் வந்தது. ஷீட் வந்தபின் மழை பெய்தால் வசனம் கேட்காது. குமரி மழைக்கு ஆப்பரேட்டர் ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருப்பி வைத்தாலும் தகரத்தில் விழும் சத்தத்தை ஜெயிக்க முடியாது. ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடம்.

நிரந்தரத் தியேட்டர்கள் என்றால் நாகர்கோவில்தான். பயோனியர் முத்து, தங்கம், ராஜேஷ், சக்கரவர்த்தி, கார்த்திகை என்று பெயர் சொன்னால் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒவ்வொன்றிலும் பார்த்த படம் ஞாபகம் வரும். தீபாவளிக்கு எந்தப் படம் எந்தத் தியேட்டர் என்பதை ஊரே ஒரு மாதத்துக்கு முன்பே பேசித் தீர்த்துவிடும். டிக்கெட் கவுண்டரில் ஒரு ஆள் மட்டும் நுழைகிற நீளமான சந்து, முடிவில் கை நுழையும் அளவு பொந்து. காசை மூடிய கையோடு உள்ளே விட வேண்டும், டிக்கெட்டைப் பிடித்த கையோடு வெளியே எடுக்க வேண்டும். முதல் நாள் கூட்டத்தில் அந்தப் பொந்தில் கை உராய்ந்து தோல் போனவர்கள் நிறையப் பேர்.

இப்போது பெட்டி. தமிழ்நாட்டை விநியோகத்துக்காகச் சென்னை, செங்கல்பட்டு, மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர் என்று ஏரியாக்களாகப் பிரித்திருந்தார்கள். நம்மது திருநெல்வேலி–கன்னியாகுமரி, சுருக்கமாக டி.கே. ஒரு படத்தின் நீளம் 14,000 முதல் 16,000 அடி. நிமிடத்துக்கு 90 அடி ஓடும், எனவே இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய. அந்த ரீல்கள் எல்லாம் அடைத்த தகரப் பெட்டிகளைச் சேர்த்துத் தூக்கினால் 40 கிலோவைத் தொடும். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் ஓடத் தொடங்கியதே 1981-ல்தான். அதற்கு முன்பு தமிழ்ப் பெட்டி முழுக்க ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக பஸ்ஸிலும் லாரியிலும்தான் வந்தது. மலையாளப் பெட்டி அந்தப் பக்கம் திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை வழியாக வரும்.

இது மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியாத விஷயம். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தவர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும். எனவே இங்கே கொட்டகை முதலாளிக்கு இரண்டு வாசல். தமிழ்ப்படம் கிடைக்காத வாரம் மலையாளப் படம் போடலாம். ஓணத்துக்கு மலையாளம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழ், கிறிஸ்துமஸுக்கு எது முந்திக் கிடைக்கிறதோ அது. வேறு மாவட்டங்களில் ஆவணி என்றால் தியேட்டருக்கு வறட்சி, நமக்கு ஓணம் கை கொடுக்கும். அதேபோல நம்ம மாவட்டத்துக்கே உரிய வறட்சியும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சினிமாவைத் தவிர்ப்பார்கள். பெரிய படத்தை அந்த நாட்களில் யாரும் நாகர்கோவிலுக்கு அனுப்பமாட்டார்கள். சிவராத்திரிக்கு விடிய விடிய படம் ஓடும். அன்று பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடியே போகிற சிவாலய ஓட்டத்தில் ஓடாதவர்கள் கண் விழிக்கக் கொட்டகைக்கு வருவார்கள்.

காட்சி நேரமும் ஊர்த் தொழிலைப் பொறுத்ததுதான். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய் மதியத்துக்குள் பாலெடுத்து முடித்துவிடுவார்கள். அங்கே மேட்னி நிறையும். மழை என்றால் வெட்டு இல்லை, கையில் காசும் இல்லை. மேற்குப் பக்கம் அண்டி ஆபீஸ் என்கிற முந்திரிப் பருப்பு ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு வாரக்கூலி. கூலி வாங்கிய நாளில் பெண்கள் பக்கம்தான் முதலில் நிறையும். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். எனவே சனி ராத்திரியும் ஞாயிறும்தான் அங்கே வசூல். அப்புறம் கடைசி பஸ். ஃபர்ஸ்ட் ஷோ முடிவதற்கும் கடைசி பஸ் புறப்படுவதற்கும் இடையில் பத்து நிமிடமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளைமாக்ஸ் சண்டைக்கு முன்பே பாதிக் கூட்டம் எழுந்துவிடும். பஸ் நேரம் மாறினால் காட்சி நேரத்தை மாற்றிய கொட்டகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காட்சி தொடங்கப் போகிறது என்பதை ஊருக்குச் சொல்வது கூரைமேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கி. சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஒரு பக்திப் பாட்டு, நாகூர் ஹனிபா குரலில் ஒன்று, கூடவே ஒரு கிறிஸ்தவப் பாட்டு. மூன்றாவது பாட்டு முடியும்போது வீட்டில் சோற்றை மூடி வைத்துவிட்டுப் பெண்கள் வேகமாக நடப்பார்கள். இந்த மூன்று பாட்டு வழக்கம் எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பார்க்க வருகிறவர்கள் மூன்று மதக்காரர்களாகவும் இருந்ததால் தானாக வந்தது.

சரி, உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி: ஏன் மூடினார்கள்?

டி.வி., கேபிள், திருட்டு சிடி என்று எல்லாரும் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். 1982-ல் திருவனந்தபுரத்தில் தூர்தர்ஷன் வந்தது, 1987-ல் கொடைக்கானல் கோபுரம் வந்து தமிழ் நிகழ்ச்சி தெரிந்தது. அதற்கிடையே வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து ராத்திரி முழுக்க மூன்று படம் பார்க்கும் வழக்கம் வந்தது. 1993-ல் சன் டி.வி. அத்தனையும் அடிதான். ஆனால் அந்த அடிகளை வாங்கிக்கொண்டும் ஊர்க் கொட்டகைகள் நின்றன. டி.வி.யில் பழைய படத்தைத்தானே போடுகிறான் என்று முதலாளிகள் சொல்வார்கள். அவர்களைக் கடைசியில் சாய்த்தது வேறு. அது சினிமாக்காரர்கள் நாங்களே செய்த மாற்றம். சின்னக் கொட்டகைக்கு இருந்த முறையை எடுத்துவிட்டோம்.

அந்த முறை இப்படி. ஒரு படத்துக்கு நம்ம ஏரியாவுக்கென்று வந்தது விரல்விட்டு எண்ணும் அளவு பிரிண்டுகள்தான். முதலில் அது திருநெல்வேலி, நாகர்கோவில் போன்ற ஏ சென்டரில் ஓடும். அங்கே ஐந்து வாரமோ பத்து வாரமோ ஓடி ஓய்ந்ததும், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று பி சென்டருக்குப் போகும். அங்கிருந்து சி சென்டர் என்கிற கருங்கல் போன்ற ஊர்களுக்கும் கிராமத்துக் கொட்டகைகளுக்கும். கிராமத்துக்கு வரும்போது படத்துக்கு வயது ஆறு மாதம், ஒரு வருஷம். பிரிண்டில் மழைபோலக் கோடு விழுந்திருக்கும், ஒட்டுப் போட்ட இடங்களில் வசனம் தாவும். ஆனால் அந்த ஊருக்கு அது புதுப்படம். நாகர்கோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கதையைப் பாதி சொல்லி ஆசையை மூட்டி வைத்திருப்பார்கள். விலையும் கட்டுபடியாகும். ஏ சென்டரில் வசூலில் சதவீதப் பங்கு, முதல் வாரம் விநியோகஸ்தருக்குக் கூடுதல், போகப் போகக் குறையும். சி சென்டரில் சின்னத் தொகைக்கு வாடகையாகப் பேசி வாரத்துக்கு இரண்டு மூன்று படம் மாற்றுவார்கள். ஊர் சின்னது, மூன்று நாளில் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிடுவார்கள். நான்காம் நாள் வேறு படம், திரும்பவும் அதே ஆட்கள். நூறு வீட்டை நம்பி ஒரு கொட்டகை நடக்க முடிந்தது இதனால்தான்.

பிரிண்ட் பற்றாக்குறையில் ஒரு வித்தை நடக்கும், அதைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் குறைவு. ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டரில் ஒரே ராத்திரி ஓட்டுவது. டவுனில் ஆறரைக்குத் தொடங்கினால், ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கொட்டகையில் ஏழரைக்கு. சின்ன ரீல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 2,000 அடி ஆக்கினால் ஒன்று இருபத்திரண்டு நிமிடம் ஓடும். டவுனில் முதல் ரீல் முடிந்ததும் உதவியாள் ரீவைண்டரில் போட்டுச் சுற்றுவான். படம் ஓடி முடிந்த ரீலில் கடைசிக் காட்சிதான் மேலே இருக்கும், திருப்பிச் சுற்றினால்தான் அடுத்த ஆள் மாட்ட முடியும். சுற்றித் தகரத்தில் போட்டு, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, சைக்கிளின் பின்னால் கட்டுவார்கள். பிறகு மோட்டார் பைக் வந்தது. பையன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கையோடு அங்கே ஓடி முடிந்ததை எடுத்துக்கொண்டு திரும்புவான். இப்படி ஒரு காட்சிக்கு ஏழு எட்டு நடை. ஐப்பசி மழையில், தெருவிளக்கு இல்லாத ரோட்டில். டயர் பஞ்சரானால் அந்தப் பக்கம் ஆப்பரேட்டர் விளம்பர சிலைடை மறுபடி போடுவார், ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீலை இரண்டாம் தடவை ஓட்டுவார். ஜனம் விசில் அடிக்கும். சைக்கிள் மணிச் சத்தம் வாசலில் கேட்டதும் விசில் கைதட்டாக மாறும். அந்தப் பையன்களின் பெயரை எந்தப் படத்தின் டைட்டிலிலும் போட்டதில்லை. போட்டிருக்க வேண்டும்.

ஆப்பரேட்டர்களைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. கார்பன் ஆர்க் விளக்குக் காலத்தில் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே பொறி எரியும். எரிய எரியக் குச்சி குட்டையாகும், இடைவெளி கூடும், திரை மஞ்சளடிக்கும். கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து குச்சியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அறைக்குள் அனலும் புகையும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும். பார்த்த உடனே இரண்டாவது புரொஜெக்டரின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் மறுபடி ஒரு புள்ளி, அப்போது இதை மூடி அதைத் திறக்க வேண்டும். நல்ல ஆப்பரேட்டர் கையில் ரீல் மாறியது கொட்டகையில் ஒருவருக்கும் தெரியாது. எத்தனையோ முதலாளிகளுக்கும் அந்தக் கையின் அருமை தெரியவில்லை, சம்பளம் அப்படித்தான் இருந்தது. ஒற்றை புரொஜெக்டர் இருந்த டூரிங் கொட்டகைகளில் இந்த வித்தைக்கு வழியில்லை. ரீல் மாற்ற நிறுத்தியே ஆக வேண்டும், எனவே மூன்று நான்கு இடைவேளை.

இனி, முறை எப்படிப் போனது என்று பாருங்கள். டி.வி.க்கும் திருட்டு கேசட்டுக்கும் பயந்து, படத்தை வேகமாகக் காசாக்க வேண்டும் என்று பிரிண்ட் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். நாகர்கோவிலில் வெளியாகும் நாளிலேயே மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் வெளியானது. பி சென்டர்காரர்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதல் நாளே படம் வேண்டுமென்றால் முதல் நாள் விலை கொடுக்க வேண்டும். மினிமம் கேரண்டி (ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய தொகை), அட்வான்ஸ் என்று லட்சத்தில் பேச்சு வந்தது. படம் படுத்துவிட்டால் கொடுத்த பணம் திரும்பாது. அதே சமயம் கிராமத்துக்குப் பெட்டி வரும்போது, இருபது நிமிட பஸ் தூரத்தில் அந்தப் படத்தை ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் பார்த்து முடித்திருந்தார்கள். குமரி மாவட்டம் சின்னது, ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் எல்லையே தெரியாது. எனவே இங்கே அந்தப் பாதிப்பு மற்ற இடங்களைவிட வேகமாக வந்தது என்பது என் கணிப்பு.

அடுத்தது டிஜிட்டல். 2005-ஐ ஒட்டித் தொடங்கி, 2010களின் நடுவில் பிலிம் பிரிண்ட் வருவதே நின்றுபோனது. பெட்டியே இல்லை என்றானது. எத்தனை தியேட்டர் வேண்டுமானாலும் ஒரே நாளில் வெளியிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சின்னத் தியேட்டர்காரர் புது புரொஜெக்டருக்குச் செலவு செய்ய வேண்டும். படம் போடுவதற்கு வாரா வாரம் கட்டணம் வேறு. அந்தக் கட்டணத்தைத் தயாரிப்பாளர்கள் தலையில்தான் அதிகம் வைத்தார்கள் என்பதால், 2018-ல் அவர்கள் வாரக்கணக்கில் புதுப்படம் வெளியிடாமலே நிறுத்தினார்கள். அதற்கு முந்தின வருஷம் ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சி கேளிக்கை வரியும் சேர, தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர் முதலாளிகள் தியேட்டர்களை மூடிப் போராடினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மூடி நவம்பரில் திறக்க அனுமதி வந்தபோது, ஏற்கெனவே தள்ளாடியவர்கள் பூட்டைத் திறக்கவே இல்லை.

அந்த நேரத்தில் நிலத்தின் விலையும் காதில் பேசிக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டு மேல் ஒன்றரை ஏக்கர், அதில் நாலு காட்சிக்கு முப்பது முப்பது பேர். அதே இடத்தில் கல்யாண மண்டபம் கட்டினால் ஒரு முகூர்த்த நாள் வாடகை ஒரு மாத வசூலைத் தாண்டும். மண்டபமாக்கிய முதலாளிகளை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களில் சிலர் நஷ்டத்திலேயே பத்து வருஷம் ஓட்டினார்கள், கொட்டகையில் வேலை பார்த்த குடும்பங்களுக்காக. ஆனால் படச்சங்கங்களும் அரசும் சேர்ந்து, சின்ன ஊருக்குச் சில வாரம் தள்ளிக் குறைந்த விலைக்குப் படம் என்று பழைய முறையைப் புது வடிவில் வைத்திருக்கலாம். டிஜிட்டலில் அது இன்னும் சுலபம், பைக்கில் பையன் போக வேண்டியதில்லை. அதைச் செய்யாமல் விட்டது பெரிய இழப்பு என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஐம்பது ரூபாய் டிக்கெட்டில் குடும்பத்தோடு பார்க்க இடம் இல்லாமல் போனவர்கள், அந்த ரப்பர் தோட்டத்துக்காரரும் அண்டி ஆபீஸ் அக்காவும்தான்.

கடைசியாக, இதைப் பற்றி எழுத நினைக்கிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். அப்படியென்றால் ஊருக்கு வரும்போது சில வேலை செய்யலாம். பஸ் ஸ்டாப் பெயர்களைக் கவனியுங்கள். தியேட்டர் இடிந்து இருபது வருஷம் ஆனாலும் கண்டக்டர் "தியேட்டர் ஸ்டாப்" என்றுதான் விசில் கொடுப்பார், அங்கே இறங்கி விசாரித்தாலே பாதி வேலை முடியும். சி ஃபாரம் உரிமங்கள் ஆட்சியர் அலுவலகம் கொடுத்தவை. பழைய கோப்பு எது கிடைக்கும் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். பேரூராட்சி, பஞ்சாயத்து அலுவலகங்களில் கேளிக்கை வரிப் பதிவேடு இருந்தால் எந்த வாரம் எத்தனை டிக்கெட் என்பது வரை கிடைக்கும், ஏனென்றால் முத்திரை குத்திய டிக்கெட்டைத்தான் அப்போது கிழிக்க முடிந்தது. பழைய நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் மரப்பெட்டிகளில் கிடக்கும், கரையான் அரிப்பதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். ஆப்பரேட்டர்களில் உயிரோடு இருப்பவர்களைச் சீக்கிரம் பாருங்கள். அவர்களிடம் படத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், மெஷினைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கம்பெனி புரொஜெக்டர், வெஸ்ட்ரெக்ஸா ஃபோட்டோஃபோனா என்று கேட்டால் போதும், அண்ணன் மத்தியானச் சாப்பாட்டை மறந்து பேசுவார்.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் சொல்வதெல்லாம் விசில், கட்டவுட், முதல் நாள் கூட்டம். தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் கைக்குழந்தையை எங்கே படுக்க வைத்தார்கள், யார் யாருக்கு இடம் பிடித்தார்கள், இருட்டில் எப்படி ஐந்தாறு பேராகச் சேர்ந்து வீடு திரும்பினார்கள் என்பதை இதுவரை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை. உங்கள் அம்மாவிடமிருந்தே தொடங்கலாம்.